வழிகாட்டி மாறும் இடம்

பாளையங்கோட்டையிலிருந்து:

2018-ல் எங்கள் சபையிலிருந்து நாற்பது பேர் புனிதப் பயணம் போனோம். ஜெருசலேமில் வழிகாட்டியாக வந்தவர் ஒரு யூதப் பெரியவர். வேதாகமம் எங்கள் சபைப் போதகர் ஐயரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் (ஐயர் காதில் இது விழ வேண்டாம்).

பெத்லகேம் போகிற நாள், சோதனைச் சாவடிக்கு முன்பே அவர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். தூரம் என்னவோ பாளையிலிருந்து டவுனுக்குப் போவதுபோலத்தான். ஆனால் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் 1995-ல் செய்த இரண்டாவது ஒஸ்லோ உடன்படிக்கை, பாலஸ்தீனர் வாழும் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்ததில் பெத்லகேம் நகரம் பாலஸ்தீன நிர்வாகத்திலுள்ள ஏ-வில் விழுந்தது. அப்படிப்பட்ட இடங்களுக்குள் போகும் சாலைகளில் மூன்று மொழியில் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்: இஸ்ரேலியர் நுழையக்கூடாது, உயிருக்கு ஆபத்து.

இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரைத் தாண்டியதும் வேறொருவர் ஏறினார். பாலஸ்தீனக் கிறிஸ்தவர், நாற்பது வயது. முதலில் கேட்டது, “அவருக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?” என்று. பதினோரு வருடமாக இருவரும் பயணிகளைக் கைமாற்றுகிறார்கள். பேச்செல்லாம் போனில்தான், நேரில் பார்த்தது இரண்டே முறை. “பெருநாள் சமயத்தில் அனுமதிச் சீட்டு கிடைத்தால் நான் ஜெருசலேம் போகலாம். அவர் என் வீட்டுக்கு வர அவருடைய அரசாங்கமே விடாது” என்றார்.

சமாதானம் எப்போது வரும் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். அவர் எதிரே இருந்த மலையைக் காட்டினார். அடுக்கடுக்காகக் கட்டடங்கள். 1967 போரில் இஸ்ரேல் பிடித்த நிலத்தில் ஹார் ஹோமா என்ற யூதக் குடியிருப்பு, 1997-ல் கட்டத் தொடங்கியது. “1993-ல் முதல் ஒஸ்லோ உடன்படிக்கை கையெழுத்தானபோது எனக்குப் பதினைந்து வயது. அன்று அங்கே மரங்கள்தான் இருந்தன.”

ராத்திரி சாப்பாட்டின்போது இதைப் பெரியவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. 1995 நவம்பர் 4, ஒஸ்லோவில் கை கொடுத்த இஸ்ரேல் பிரதமர் ராபின் சுடப்பட்ட அன்று அந்த டெல் அவிவ் சதுக்கத்தில் சமாதானத்துக்காகப் பாடிக்கொண்டிருந்த கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். அடுத்த வருடமே ஜெருசலேமில் 18-ஆம் எண் பேருந்து ஒரு வாரத்தில் இரண்டு முறை குண்டுவெடிப்பில் சிதறியது. அவர் மகள் பள்ளிக்குப் போன பேருந்து எண் அது. “சுவர் வந்த பிறகுதான் என் மனைவி தூங்கினாள்.”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதற்காக இரண்டு பக்கமும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். சுவர் 1967-க்கு முந்தைய எல்லைக்கோட்டிலேயே நின்றிருந்தால் அது வேறு பேச்சு. பெரும்பகுதி மேற்குக் கரைக்கு உள்ளேயே போகிறது. 2004-ல் சர்வதேச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது அதைத்தான்.

தோஹாவிலிருந்து:

அண்ணே, படித்ததும் எங்கள் சைட்டில் இருக்கும், காசாவின் கான் யூனிஸ் ஊர்க்காரர் நினைவு வந்தது. அவருடைய வாப்பா கொத்தனார். எண்பதுகளில் விடியும் முன்பே காசாவிலிருந்து கிளம்பி, இஸ்ரேலின் அஷ்கெலோனில் வீடு கட்டிவிட்டு இரவு திரும்புவாராம். இஸ்ரேலுக்குள் போக ஆளுக்கொரு அனுமதி என்று வந்தது 1991-லிருந்து. 2007-ல் ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கத்தின் கைக்குக் காசா போனதும் இஸ்ரேலின் முற்றுகை.

வாப்பாவின் பழைய காண்ட்ராக்டர் மொராக்கோவிலிருந்து வந்த யூதர். பெருநாள் தவறாமல் போன் செய்து அரபியில் நலம் விசாரிப்பாராம். 2023 அக்டோபர் 7-க்கு மூன்று வாரம் கழித்தும் அழைத்தார். அந்த அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் இறந்த சுமார் 1,200 பேரில் அவருடைய உறவுக்காரப் பையனும் ஒருவன். காசாவில் வாப்பாவின் தம்பி வீடு குண்டு விழுந்து தரைமட்டம், இரண்டு குழந்தைகள் போய்விட்டன. “உயிரோடு இருக்கிறாயா?” “இருக்கிறேன். நீ?” அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லையாம்.

காசாவில் இரண்டு வருடத்தில் இறந்தவர்கள் 60,000-க்கும் மேல் என்கிறது அங்குள்ள சுகாதார அமைச்சகம். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் அறிவித்த அன்று நண்பர் வேலைக்கு வந்துவிட்டார், லீவு கேட்கவில்லை. வாப்பாவுக்கு அந்தப் பழைய சாலை திறந்தால் போதுமாம். இவருக்குப் போதாது. “அவர் கூலிக்காரராகப் போய்வந்தார். என் பிள்ளை அப்படிப் போக வேண்டாம்” என்றார். வீட்டுக்குள்ளேயே ‘அமைதி’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்.

உங்கள் வழிகாட்டிகள் இப்போது பேசிக்கொள்கிறார்களா?

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, 2023 கிறிஸ்துமஸுக்கு பெத்லகேமில் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. பயணிகளும் வராததால் அங்குள்ள வழிகாட்டிக்கு வருமானமே நின்றுபோனது. பெரியவர் பணம் அனுப்பினார், இவர் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் நாலு மாதம் பேச்சில்லை. போன மாதம் பெரியவருக்கு முழங்கால் அறுவை நடந்திருக்கிறது. கட்டுப்போட்ட காலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பதில் எழுதினீர்களா என்று இவரிடம் கேட்டேன். “எழுதணும்” என்றார்.