கச்சான் காலத்து மத்தியானத்தில் அமைதியாக உட்கார ஓரிடம்?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் கச்சான் காற்று அனலாக வீசுகிறது. மத்தியானத்தில் வேலை ஓடாததால் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, சீமெந்துத் தரையில் சும்மா உட்கார்கிறேன். கழுத்தில் வழியும் வியர்வையைக்கூடத் துடைக்கத் தோன்றாது. மூச்சு தானாக நிதானமாகிறது. கடவுளுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு நேரம், எனக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் தெருச் சத்தம் விடுவதில்லை.

மதியப் பூசை முடிந்தால் கோயில் நடை சாத்திவிடுவார்கள். மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தடியில், அல்லது கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் சமாதிப் பக்கம், ஒரு மணி முதல் மூன்று மணி வரை நிழலில் இருக்க விடுவார்களா? ஆடி அமாவாசைத் திருவிழா நாட்களில் மாமாங்கத்தில் சனம் நிறைந்திருக்கும், அதனால் மற்ற நாட்களுக்குத்தான் கேட்கிறேன். அம்மாவும் வருவா, சூடு தாங்கமாட்டா. போய் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.