புதுப்பிப்பு: குதிகால் எலும்பை எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள்?

குதிகால் எலும்பில் புற்றுநோய் என்றாலே காலை வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்கள் சில, எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள் என்று கேட்டதால் இது.

எலும்பு வங்கியிலிருந்து வரும் தான எலும்புக்கு உயிர் இல்லை. தொற்றும், நாளடைவில் முறிவும் வரலாம். நோயாளியின் பிபுலா எலும்பை (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ள மெல்லிய எலும்பு) இரத்தக் குழாயோடு எடுத்து, இரண்டாக மடித்து வைத்து, அந்தக் குழாயைப் பாதத்தின் குழாயோடு தைத்தால், ஒட்டிக்கொண்டு பாரத்துக்கேற்பத் தடிக்கும். கணுக்கால் ஆட்டம் காணாதிருக்க, பிபுலாவின் அடியில் 6 செ.மீ.யாவது விடவேண்டும். குழாயைத் தைத்த இடம் அடைத்தால் எலும்பு செத்துவிடும்; முதல் சில நாள்தான் கண்டம். சிகரெட்டை முன்கூட்டியே நிறுத்துங்கள். இன்னொரு வழி உலோகம்: டைட்டானியக் குதிகாலை 2014இல் மெல்பர்னில் பொருத்தினார்கள்: மூட்டுப் பக்கம் வழவழப்பு, குதிநாணை (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) தைக்கத் துளைகள்.

எங்கள் கணிப்பில் எலும்பைவிடத் தோல்தான் பெரிய பாடு. வேறிடத்திலிருந்து எடுத்துக் குதிகாலில் ஒட்டிய தோலில் உணர்ச்சி குறைவு. செம்பனைக் காட்டில் ரப்பர் பூட்ஸுக்குள் கல் புகுந்தாலும் தெரியாது, புண் வைத்துவிடும். தினமும் கண்ணாடி பிடித்துக் குதிகாலைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியது தெரியும்வரை ஊன்றவேண்டாம், மாதக்கணக்கில் ஆகும்.

புற்றுநோய்தானா என்று பரிசோதிக்கக் கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுப்பதை, அறுவை செய்யப்போகும் குழுவிடமே விடுங்கள். ஊசி போன பாதையையும் கட்டியோடு சேர்த்து எடுக்கவேண்டும். தவறான இடத்தில் குத்தினால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பே போய்விடலாம்.