கூடா, அகடா? தாரையோடத்தின் ‘ஹல்’லுக்கு ஒரு சொல்

உப்புவெளியிலிருந்து:

அன்புடையீர், எங்கள் கலைச்சொல் தொகுதியின் கடல் விளையாட்டுப் பகுதியில் ‘ஹல்’ என்பதற்கு எதிரே ‘கப்பலுடல்’ என்று இருக்கிறது. பம்பால் நீரைத் தாரையாகப் பின்னே பீய்ச்சி ஓடும் சிறு ஓடமான, நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கிக்கு அது ஒத்துவராது. கம்பனி உடலைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு பட்டறை வார்த்த உடலில் பழைய எஞ்சினையும் பம்பையும் பூட்டுகிறார்களே, அந்த உடலுக்குத்தான் சொல் தேவை. ‘பிற்சந்தை உடல்’ வேண்டாம். ‘ஆஃப்டர்மார்க்கெட்’டை உடைத்து ஒட்டிய சொல் அது, கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. நான் வைப்பது ‘மாற்றகடு’. அகடு என்றால் வயிறு, உட்புறம்.

‘ஜெட் ஸ்கி’ கவாசாகியின் வணிகப் பெயர். யமாஹாவின் சுப்பர் ஜெட்டை அப்படி எழுதுவது பிழை. பொதுப்பெயராகத் ‘தாரையோடம்’ இருக்கட்டும்.

திருக்கடலூரிலிருந்து:

தம்பி, தாரையோடம் எனக்குச் சம்மதம். ‘நின்றூர்தி’ என்று முன்பு ஒருவர் எழுதியதை மட்டும் எடுத்துவிடுங்கள். அது நின்றுபோன வாகனம் என்றே காதில் விழும். ‘நின்றோட்டும் தாரையோடம்’ நீளம்தான், ஆனால் பிழையில்லை.

அகடு அடிப்பாகத்துக்கு மட்டுமே பொருந்தும். இந்த உடல் இரண்டு வார்ப்பு: தண்ணீரைத் தொடும் அடி ஒன்று, எஞ்சின் அறையும் ஓட்டுபவர் நிற்கும் பள்ளமும் உள்ள மேல் ஒன்று. இரண்டையும் விளிம்பில் ஒட்டி ஒரே உடலாக்குகிறார்கள். பட்டறைக்காரர் ‘ஹல்’ என்று விற்பது பெரும்பாலும் ஒட்டிய முழு உடலை. பழுது பார்ப்பவர் ‘ஹல் வெடித்துவிட்டது’ என்பது அடியை. ஒரு சொல்லையே இரண்டுக்கும் வைத்தால் வாங்குபவர் ஏமாறுவார். ஆகவே முழு உடல் ‘கூடு’, அடி ‘அகடு’, மேல் ‘மேற்றட்டு’, நிற்கும் பள்ளம் ‘மிதிதளம்’. மூக்குக்குப் புதுச்சொல் தேடவேண்டாம், வள்ளக்காரரின் ‘அணியம்’ இருக்கிறது. நாங்கள் தேடும் சொல் ‘மாற்றுக்கூடு’.

நிலாவெளியிலிருந்து:

அண்ணை சொன்ன பிரிப்பு சரி. ஆனால் ‘மாற்று’ என்றால் உடைந்ததற்குப் பதிலாக அதே அளவில் வருவது என்று எண்ணிவிடுவார்கள். மாற்றுக்கூட்டின் அளவும் வடிவும் வேறு. அதனால் பதிவின் விளக்கத்தில் தெரிவு முறையையும் சேர்ப்போம்.

முதலில் எஞ்சின். இரண்டு ஸ்ட்ரோக் சுப்பர் ஜெட் 701 சிசி, நீளம் ஏறத்தாழ 2.24 மீற்றர். கவாசாகியின் 2017 எஸ்எக்ஸ்-ஆர் 1,498 சிசி, நான்கு ஸ்ட்ரோக், நீளம் 2.65 மீற்றருக்குக் கிட்ட. ஒன்றின் எஞ்சின் படுக்கை மற்றதற்கு ஆகாது. படுக்கையின் போல்ட் இடைவெளி, பம்பின் விட்டம், நீருறிஞ்சும் வாயின் அளவு மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது.

அடுத்தது ‘அடிவளைவு’, ‘ராக்கர்’ என்பதற்கு இதை வைக்கிறேன். அகடு முன்பின்னாக வளைந்திருந்தால் அணியம் சட்டென்று மேலெழும், குத்துக்கரணத்துக்கு நல்லது; நேரோட்டத்தில் வேகம் குறையும், மூக்கு துள்ளும். பந்தயத்துக்குத் தட்டையான, விளிம்பு கூரான அகடு வேண்டும். சிறிய, இலேசான கூடு பாரமானவரை நின்ற இடத்தில் தாங்காது, மிதிதளம் அமிழ்ந்துவிடும்.

பூட்டும்போது கெடுவது பெரும்பாலும் நேர்வரிசைதான். எஞ்சின் தண்டும் பம்புத் தண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் இரண்டையும் இணைக்கும் கப்லிங்கின் றப்பர் அரைபடும், பிறகு பெயரிங்கும் சீலும் போகும். அறைக்குள் கறுப்புத் தூள் தெரிந்தால் காரணம் அதுவே. பம்பை முதலில் இறுக்குங்கள். பிறகு எஞ்சின் தாங்கிகளுக்குக் கீழ் மெல்லிய ஷிம் தகடு வைத்து, கப்லிங்கின் இரண்டு பாதிக்கும் குறுக்கே நேர்விளிம்பு பிடித்து மேல், கீழ், இடம், வலம் நாலும் பாருங்கள். தாங்கிகளை இறுக்கியபின் மறுபடியும் பார்க்கவேண்டும், இறுக்கும்போதே நகரும்.

காபன் இழைக் கூடு என்றால் இன்னொரு கவனம். காபன் மின்சாரம் கடத்தும். உப்புநீரில் அலுமினியம் அதைத் தொட்டால் அலுமினியம்தான் அரிக்கும். பம்பு பொருந்தும் இடத்திலும் போல்ட் துளைகளிலும் கண்ணாடியிழைப் படை நடுவே இருக்கவேண்டும். உள்ளே நுரைப்பலகை வைத்த கூட்டில் துளை போடுவதானால், பெரிதாகத் துளைத்து, தடித்த எப்பொக்சிப் பசை நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இல்லாவிட்டால் நுரை தண்ணீர் குடிக்கும். 20 லீற்றர் குடித்தால் 20 கிலோ கூடும், அப்புறம் இலேசான கூடு வாங்கிப் பயனில்லை.

உப்புவெளியிலிருந்து:

‘மாற்றகடு’வை மீளப்பெறுகிறேன். பழைய கூடு வாங்குபவருக்காக ஒன்று: நாணயத்தால் அகடு முழுவதும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தில் படை பிரிந்திருக்கும். அதற்குப் ‘படைவிலகல்’ என்று ஒரு பதிவு திறக்கிறேன். வெயிலையும் எழுதவேண்டும்: அறைவெப்பத்தில் மட்டும் இறுகிய எப்பொக்சி 50, 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். கறுத்த கூட்டை உச்சிவெயிலில் கரையில் விட்டால் அந்தச் சூடு எளிதில் வரும், எஞ்சின் படுக்கை நெளிந்து நேர்வரிசை மறுபடி கெடும்.

திருக்கடலூரிலிருந்து:

அப்படியானால் பதிவு இது. மாற்றுக்கூடு: தாரையோடத்தின் மூலக்கூட்டுக்குப் பதிலாக, வேறு உற்பத்தியாளர் வேறு வடிவிலோ பொருளிலோ வார்த்து, அகடும் மேற்றட்டும் ஒட்டி விற்கும் முழு உடல்; எஞ்சின், பம்பு, கைப்பிடித் தண்டு சேராது. ‘சேராது’ என்பதை விட்டுவிடாதீர்கள் தம்பி, விலை கேட்பவர் முதலில் குழம்புவது அங்கேதான்.