புதுப்பிப்பு: ஏழு பேருக்கு டிஸ்னி ரூம், ஒரு வழியா முடிவாச்சு

அப்பா, அம்மா, நாங்க ரெண்டு பேர், மூணு பசங்க. ஆர்லாண்டோ டிஸ்னியில குறைஞ்ச வாடகையில எப்படித் தங்கறதுன்னு பாலக்காடு பக்கத்துல இருக்கிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன மாசம் கேட்டிருந்தேனே, அதோட தொடர்ச்சி.

"ரெண்டு சாதா ரூம் போடுங்க"ன்னுதான் நிறைய பேர் சொன்னீங்க. ஆல்-ஸ்டார், பாப் செஞ்சுரின்னு டிஸ்னியோட வாடகை குறைஞ்ச ஹோட்டல்கள்ல சாதா ரூமுக்கு நாலு பேர் கணக்கு. ஆனா நடுவுல கதவு இருக்கிற ரூம்களா கேட்டு வாங்கணும், இல்லேன்னா அம்மா ஒரு மூலை, நாங்க ஒரு மூலை.

கடைசியில ஆல்-ஸ்டார் மியூசிக் ஃபேமிலி சூட். ஆறு பேருக்கானது. மூணு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தை தொட்டில்ல படுத்தா கணக்குல வராது. கடைக்குட்டிக்கு ரெண்டு வயசுதான், தப்பிச்சோம். ரெண்டு பாத்ரூம் இருக்கு. காலையில ஏழு பேர் கிளம்பற வீட்டுக்காரங்களுக்கு இதோட அருமை தெரியும். மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜும் உண்டு, அடுப்பு கிடையாது. அம்மா இப்பவே அவலும் பருப்புப் பொடியும் எடுத்து வைக்க ஆரம்பிச்சாச்சு.

ஆர்ட் ஆஃப் அனிமேஷன்னு இன்னொரு டிஸ்னி ஹோட்டல், அதோட சூட்டும் ஆறு பேருக்குத்தான், ஸ்கைலைனர் ரோப் காரும் உண்டு, ஆனா வாடகை கூட. ஆல்-ஸ்டார்ல பஸ் மட்டும்தான். மலம்புழா ரோப்வேயிலேயே கண்ணைத் திறக்காத அப்பாவுக்கு இதுல ஏக சந்தோஷம். "மலம்புழா ஃபேன்டஸி பார்க் பக்கத்துலயே இருக்கே, அங்க போனா போதாதா?"ன்னு இன்னமும் கேட்டுட்டுத்தான் இருக்கார்.