புதுப்பிப்பு: கைட்டோசான் பஞ்சு இப்போது கரையவில்லை

போன வாரம் புலம்பியிருந்தேனே, நினைவிருக்கிறதா? இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, உறையவைத்து உலர்த்திய பஞ்சு (புதுத் திசு வளர்வதற்கான தாங்கி இது), செல் வளர்க்கும் திரவத்தில் போட்டதும் கூழாகிப்போனது.

காரணம் கிடைத்துவிட்டது. உலர்ந்த பிறகும் அமிலம் கைட்டோசானோடு சேர்ந்து உப்பாக உள்ளே தங்கியிருக்கிறது. அந்த உப்பு வெறும் தண்ணீரிலேயே கரையும். இங்கே பினாங்கில் எங்கள் ஆய்வகத்து அக்காதான் கண்டுபிடித்தார்: "தம்பி, அமிலத்தைக் கழுவாமல் விட்டால் எப்படி நிற்கும்?"

எத்தனாலில் நனைத்து, அப்புறம் அமிலத்தை முறிக்க நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் ஊறவைத்து, கழுவும் நீரின் பிஎச் 7க்கு, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக்கு, வரும்வரை அலசினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் 6 நாளாகியும் துண்டு அப்படியே இருக்கிறது. இடுக்கியால் அமுக்கினால் நீரைக் கக்கிவிட்டு மெல்ல மெல்ல உப்பி எழுகிறது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

"கரையாமலே இருந்தால் நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லைங்க, புதுத் திசு வளர வளர இது இடம்விட வேண்டும். நம் உடலிலுள்ள லைசோசைம் நொதியே இதை மெதுவாகச் சிதைக்கும். அடுத்து அந்தச் சோதனைதான்.