மறு: டீசெல்லுலரைசேஷன் – செல்லழிப்பா, செல்நீக்கமா?

> டீசெல்லுலரைசேஷனுக்குச் 'செல்லழிப்பு' என்று போட்டுவிடலாமா? 'உயிரணு நீக்கம்' என்றும் ஒரு கட்டுரையில் பார்த்தேன்.

வணக்கம். டீசெல்லுலரைசேஷன் என்றால், ஒரு திசுவிலிருந்து செல்களை வெளியேற்றி நார்ச் சட்டகத்தை மட்டும் மிச்சம் வைப்பது; பிறகு அதில் வேறு செல்களை விதைப்பார்கள். அதற்கு நீங்கள் சொன்ன இரண்டும் வேண்டாம் என்பேன்.

'உயிரணு' என்றால் தமிழ்நாட்டு விளம்பரங்களில் பெரும்பாலும் விந்தணுதான். 'உயிரணு நீக்கம்' என்று தலைப்பு வைத்தால் குடும்பக் கட்டுப்பாடு என்று நினைத்துத் திறப்பார்கள்.

'செல்லழிப்பு' இன்னும் பெரிய சிக்கல். செல்லைக் கொல்வது வேறு, கொன்றதன் மிச்சத்தைத் திசுவிலிருந்து வெளியேற்றுவது வேறு. எலும்புப் புற்று அறுவை சிகிச்சையில் முதலாவது மட்டும் நடக்கிறது. ஆஸ்டியோசார்கோமா, யூயிங் சார்கோமா போன்ற அரிய கட்டிகளில், கட்டி இருக்கும் எலும்புத் துண்டை வெட்டியெடுத்து, ஒட்டியிருக்கும் மென்திசுவைச் சுரண்டிவிட்டு, ஒரே தவணையில் 50 கிரே கதிர்வீச்சு கொடுத்து அதே இடத்தில் திரும்பப் பொருத்துவது ஒரு வழி. ஜப்பானின் கனசாவாவில் வளர்ந்த இன்னொரு வழியில் திரவ நைட்ரஜனில் 20 நிமிடம், அறை வெப்பத்தில் 15 நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் 15 நிமிடம். செல்கள் செத்துப்போகும், சிதைவுகளைக் கழுவி எடுக்கும் படி எதுவும் கிடையாது. நோயாளியின் சொந்த எலும்பு என்பதால் தடுப்பாற்றல் சண்டைக்கு வராது, அதனால் மிச்சம் உள்ளே கிடந்தாலும் பாதகமில்லை. பிற்பாடு அந்த எலும்பைச் சீவிப் பார்த்தால் ஆஸ்டியோசைட் (எலும்புச் செல்) இருந்த குழிகள் காலியாகத் தெரியும். அதை வைத்து 'செல் நீக்கப்பட்டது' என்று அறிக்கை எழுத முடியாது. 'செல்லழிப்பு' என்ற சொல் இந்த வேலைக்குத்தான் பொருந்தும்.

டீசெல்லுலரைசேஷனில் திசு பெரும்பாலும் பன்றியுடையது அல்லது வேறொரு மனிதருடையது. அங்கே மிச்சம்தான் வில்லங்கம். 2008-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஆட், டோரிஸ் டெய்லர் குழு எலியின் இதயத்தில் செய்ததைப் பாருங்கள்: இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி நாளங்கள் வழியாக 1 சதவீத எஸ்.டி.எஸ். சோப்புக் கரைசல் 12 மணி நேரம், அயனி நீக்கிய நீர் 15 நிமிடம், 1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 என்ற இன்னொரு சோப்பு அரை மணி நேரம், அதன்பின் நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த உப்புக் கரைசலில் 124 மணி நேரம் கழுவல். கொல்வதற்கு ஆன நேரத்தைப் போல் பத்து மடங்கு கழுவுவதற்கு! எஸ்.டி.எஸ். புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒழுங்காகக் கழுவாவிட்டால் பிறகு விதைக்கும் செல்களையும் அது கொன்றுவிடும்.

ஆகவே என் பரிந்துரை: செல்நீக்கம். 'நீக்கம்' என்பதில் வெளியேற்றுவது இருக்கிறது.

> இலக்கணப்படி 'சென்னீக்கம்' என்றல்லவா ஆகும்? நல் + நூல் நன்னூல் ஆவதுபோல?

ஆகும்தான். ஆனால் யாருக்கும் புரியாது. 'செல்' கடன்சொல், புணர்த்தாமல் விடுவோம். 'செல்களைவு' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். களைதல் நல்ல வேர்ச்சொல், ஆனால் கண் அதைச் 'செல்களை' என்று இரண்டாம் வேற்றுமையாகப் படித்துவிட்டுத் தடுமாறுகிறது.

---

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் கலம், இழையம். ஆகவே 'கலநீக்கம்' என்று இணைச்சொல்லாகப் பதியுங்கள். மேட்ரிக்ஸுக்கு, அதாவது செல்களைச் சூழ்ந்த நார்ச் சட்டகத்துக்கு, நாங்கள் 'தாயம்' என்போம். உங்கள் பக்கத்தில் அது பகடை என்பது தெரியும், வற்புறுத்தவில்லை. ஸ்காஃபோல்டுக்கு, அதாவது செல் விதைக்கப் பயன்படும் சட்டகத்துக்கு, என்ன முடிவு? 'சாரம்' என்றால் பிழிந்தெடுத்த சாறு என்று மாணவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று: வரையறையில் அளவு இல்லாமல் சொல்லை மட்டும் போட்டால் அரைகுறையாகக் கழுவிய திசுவும் 'கலநீக்கம்' ஆகிவிடும்.

---

சரியான பிடி. 2011-ல் கிராபோ, கில்பர்ட், பேடிலாக் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த அளவுகோலையே சேர்க்கலாம்: ஒரு மில்லிகிராம் உலர் எடைக்கு இரட்டை இழை டி.என்.ஏ. 50 நானோகிராமுக்குக் கீழே. மிஞ்சும் டி.என்.ஏ. துண்டுகளின் நீளம் 200 கார இணைக்கு (டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு) குறைவு. ஹிமட்டாக்சிலின்–இயோசின் அல்லது டாபி சாயத்தில் உட்கரு கண்ணுக்குப் படக்கூடாது. மூன்றும் வேண்டும். ஹிமட்டாக்சிலினில் சுத்தமாகத் தெரிகிற சீவலில் டி.என்.ஏ. அளவு எகிறி நிற்பது சகஜம். மாதிரியை ஓரத்திலிருந்து வெட்டினாலும் இதே ஏமாற்றம்தான். சோப்பு கடைசியாகப் போய்ச் சேரும் நடுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்.

உறைய வைத்து உருக்கினால் மட்டும் போதுமே என்பவர்களுக்கு: செல் உடையும், சிதைவு அங்கேயே கிடக்கும். உடைந்த செல்லின் டி.என்.ஏ. பசையாகி நாரில் ஒட்டிக்கொள்ளும், டி.என்.ஏஸ் நொதி போட்டுத்தான் நறுக்க வேண்டும். அந்த நொதிக்கு மெக்னீசியம் தேவை. முந்தைய படியில் போட்ட ஈ.டி.டி.ஏ.-வைக் கழுவாமல் விட்டால் அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி வேலையே செய்யாது. புரதத்தை அறுக்கும் டிரிப்சின் நொதியைக் கூட்டினாலோ செல்லோடு சேர்ந்து, திசுவுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டினும் போய்விடும்; மிஞ்சுவது வெற்று நார்.

ஸ்காஃபோல்டுக்குச் 'சாரக்கட்டு'. கொத்தனார் கட்டுவதும் அதுதான், சாறு என்ற மயக்கமும் வராது. செல்நீக்கிய சாரக்கட்டு, செல்நீக்கிய இதய வால்வு என்று அடையாகவும் தடையில்லாமல் வருகிறது.

பதிவு இப்படி இருக்கட்டும்:

செல்நீக்கம், கலநீக்கம் (இலங்கை): திசுவின் நார்ச் சட்டகத்தைக் கூடியவரை குலைக்காமல், செல்களையும் அவற்றின் டி.என்.ஏ. உள்ளிட்ட மிச்சங்களையும் வெளியேற்றுதல். காண்க: செல்லழிப்பு, சாரக்கட்டு.

மறுபடி செல் விதைப்பதற்குச் 'செல்லேற்றம்' போதுமா, 'மறுசெல்லேற்றம்' வேண்டுமா? எனக்கு 'மறு' தேவையில்லை என்று படுகிறது. ஏறுவது பழைய செல் அல்லவே. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.