வட்டவடை வீட்டில் தரைக்கு அடியில் வெந்நீர் குழாய்: நாமே போட முடியுமா?

பூண்டுத்தோட்டம்:

மூணாறு பக்கத்து மலையூரான வட்டவடையில், கோவிலூரில் பழைய வீட்டை ஒட்டி அம்மாவுக்கு ஒரு அறை எடுக்கிறோம். உள்ளளவு 12க்கு 14 அடி. சுவர் சிமெண்ட் கல், கூரை தகர ஷீட், தரை இன்னும் போடவில்லை. மார்கழி, தையில் இங்கே வெறுங்காலைத் தரையில் வைக்க முடியாது. அம்மா கட்டிலில் படுக்கவே மாட்டார், பாயும் கம்பளியும்தான். முட்டிவலி வேறு. ரூம் ஹீட்டர் வாங்கி வைத்தால் மூஞ்சி காய்கிறது என்று அணைத்துவிடுகிறார்.

அதனால் தரைக்குள் பைப் பதித்து வெந்நீர் ஓட்டலாம் என்று நினைக்கிறேன். தோட்டத்துச் சொட்டுநீர் லைன் முழுக்க நான் போட்டதுதான், பைப் வேலை வரும். கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. அடுப்புக்குள் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்து, அந்த வெந்நீரை நேராகத் தரைக்கு விட்டால் கரண்ட் செலவே வராதே? என்ன பைப், எத்தனை மீட்டர், எவ்வளவு கனம் கான்கிரீட்? கொத்தனாரிடம் கேட்டேன், சிரிக்கிறார்.

போடி பிட்டர்:

தம்பி, கனடாவில் இருந்தபோது இந்த வேலைதான் பார்த்தேன். தாராளமாக நீங்களே போடலாம். ஆனால் அடுப்பு யோசனை அப்படியே வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பைப் 16 மி.மீ. பெக்ஸ் (வளையக்கூடிய வெந்நீர் பிளாஸ்டிக் குழாய்), ஆக்சிஜன் தடுப்புப் படலம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வழியாகவே காற்று கசிந்து உள்ளே போய் பம்பில் துரு ஏறும். சிபிவிசி (துண்டு துண்டாக ஒட்டும் விறைப்பான வெந்நீர்க் குழாய்) வேண்டாம், கான்கிரீட்டுக்குள் ஒரு ஜாயிண்ட்கூட இருக்கக் கூடாது. 6 அங்குல இடைவெளியில் உங்கள் அறைக்கு 100 மீட்டருக்கு மேல் வரும். ஒரே சுற்றாக விடாமல், மேனிபோல்டிலிருந்து (தண்ணீரைச் சுற்றுகளுக்குப் பிரித்துவிடும் குழாய்) சம நீளத்தில் இரண்டு சுற்றாகப் பிரியுங்கள்.

முக்கியமான செலவு பைப்புக்குக் கீழே. பாலித்தீன் ஷீட், அதன்மேல் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு (சூடு கீழே போகாமல் தடுக்கும் கெட்டியான போம் பலகை), சுவரோரம் சுற்றிலும் போம் பட்டை. இதில் மிச்சம் பிடித்தால் அம்மாவுக்குப் பதிலாக மலையைச் சூடாக்குவீர்கள். மேலே 65 மி.மீ. கான்கிரீட். டைல்ஸோடு சேர்த்துத் தரை 5 அங்குலம் ஏறும், வாசற்கால் வைக்கும்போதே கணக்கில் எடுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன் 6 பார் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். கொட்டும்போதும் அழுத்தம் இருக்கட்டும். மண்வெட்டி பட்டால் கேஜ் உடனே காட்டிக் கொடுக்கும். நாலு வாரம் ஆறிய பிறகுதான் சூடு, அதுவும் நாளுக்குக் கொஞ்சமாக.

இப்போது அடுப்பு. தரைக்குப் போகும் தண்ணீர் 35 முதல் 40 டிகிரி போதும், தரையின் மேற்பரப்பு 29ஐத் தாண்டக் கூடாது. விறகு அடுப்புச் சுருளோ தண்ணீரைக் கொதிக்கவே வைத்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போய் பம்ப் நின்றால் சுருளில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும். அடுப்பைவிட உயரத்தில் மேல் திறந்த டேங்க் வையுங்கள். அடுப்புக்கும் டேங்குக்கும் நடுவே பம்பும் வேண்டாம், வால்வும் வேண்டாம். சூட்டிலேயே தண்ணீர் தானாகச் சுற்றும். டேங்குக்குள் தனியாக ஒரு செம்புச் சுருள், அதிலிருந்து மிக்சிங் வால்வ் (ஆறிய தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைப்பது), பம்ப், தரை. தரைச் சுற்று மூடிய சுற்று என்பதால் சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்கும் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தருவது) சேப்டி வால்வும் கட்டாயம்.

தேவிகுளத்துக்காரி:

தரையை விடுங்கள் தம்பி, முதலில் கூரையைப் பாருங்கள். ஷீட்டுக்குக் கீழே சீலிங் இல்லாமல் எத்தனை பைப் போட்டாலும் சூடு மேலே ஓடிவிடும். எங்கள் வீட்டில் பலகை சீலிங் அடித்து அதன்மேல் கண்ணாடிக் கம்பளி விரித்தோம், ஜன்னல் இடுக்கையும் அடைத்தோம். பாதிக் குளிர் அதிலேயே போச்சு. ஒரு குளிர்காலம் அதோடு இருந்து பார்த்துவிட்டு அப்புறம் பைப் போடலாமே?

பூண்டுத்தோட்டம்:

அக்கா, தரை போட்டுவிட்டால் பிறகு உடைக்க வேண்டுமே. அதனால் சீலிங்கும் அடிக்கிறேன், பைப்பும் இப்போதே பதிக்கிறேன். அண்ணே, விறகுக்குப் பதில் சோலார் டேங்க் ஒன்று போதுமா? அம்மா தரையில் படுப்பதால் ஏதாவது ஆபத்து உண்டா?

போடி பிட்டர்:

அக்கா சொன்னது சரி, சீலிங் முதலில்.

உறைபனி விழுவது மேகமில்லாத ராத்திரிகளில். அந்த நாட்களில் பகல் வெயில் நன்றாகவே அடிக்கும், அதனால் மார்கழி, தைக்கு சோலார் பொருந்தும். 200 லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கினால் 5.8 யூனிட் சூடு கிடைக்கும். சீலிங் அடித்த அந்த அறைக்கு மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் ஆறு மணி நேரம் ஓடும். தரை சூடாகவே சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் படுக்கும்போது போடாமல் மத்தியானமே பம்பைப் போட்டுவிடுங்கள். ஆடி மழைக்கு சோலார் உதவாது, அப்போது விறகு.

பாய் ஒன்றும் செய்யாது. இலவம்பஞ்சு மெத்தையைத் தரையில் விரித்தால் அதன் அடியில் சூடு தேங்கும், அறைக்கு வராது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் தரைச் சூட்டை 26 டிகிரியோடு நிறுத்துங்கள். பைப்பை வளைத்துக் கட்டிய பிறகு, கான்கிரீட்டுக்கு முன்னால், டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது கதவுக்கு ஸ்டாப்பர் அடிக்கத் தரையில் டிரில் போடுவார்கள்.